வழி காட்டும் பெட்டி வழி தவறினால்...

பந்திங் வட்டாரத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தாயார் கடிதம் எழுதியிருக்கின்றார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக் கொண்டதால் வெளியிடவில்லை. கடிதத்தின் சாரம் இதுதான்:

"ஐயா, என் இளைய மகன் கிள்ளான் துறைமுகத்துப் பக்கம் படகுகளைப் பழுது பார்க்கும் இடத்தில் ஓராண்டாக வேலை செய்கின்றான். அங்கே நிற்கும் பாய்மரப் படகு ஒன்றில் இடம் காட்டும் பழைய ஜி.பி.எஸ். பெட்டி இருக்கிறதாம். சில நாள் வேலை செய்கிறது, சில நாள் செய்வதில்லை. தேதியையும் தப்பாகக் காட்டுகிறதாம். படகுக்காரர் அடுத்த மாதம் குடும்பத்தோடு லங்காவிக்குப் போகின்றார். 'நீயே பார்த்துச் சரி பண்ணிவிடு தம்பி' என்று சொல்லிவிட்டார். பையன் இரவில் சரியாகத் தூங்குவதில்லை. 'நான் சரியென்று சொல்லி, அது நடுக்கடலில் நின்றுபோனால் என்னம்மா பண்றது?' என்கிறான். முடியாது என்று சொன்னால் வேலை போய்விடுமோ என்றும் பயம். அவனுக்குப் புரியும்படி நீங்கள் எழுத வேண்டும்."

அம்மா, தூக்கம் வராமல் யோசிக்கின்ற பிள்ளையைப் பெற்றிருக்கின்றீர்கள். அதற்காக முதலில் சந்தோஷப்படுங்கள். அந்தப் பெட்டியை நம்பிப் பெண்டு பிள்ளைகள் கடலில் போகப் போகின்றார்கள் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. இனித் தம்பிக்கு வேண்டியது, எதை முதலில் பார்ப்பது, எதை அடுத்துப் பார்ப்பது என்ற ஒழுங்குதான். அதை இங்கே சொல்கின்றேன். கடலுக்கே போகாத வாசகர்களும் படிக்கலாம். இன்று உங்கள் கைத்தொலைபேசியில் வழி காட்டுவதும் இதே வித்தைதான்.

பெட்டி எப்படி வேலை செய்கிறது?

மின்னல் வெட்டியதும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவோம் அல்லவா? மூன்று விநாடி கழித்து இடி கேட்டால், மின்னல் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தூரத்தில் வெட்டியது என்று பொருள். நேரத்தைக் கொண்டு தூரத்தை அளக்கின்றோம். ஜி.பி.எஸ். செய்வதும் அதுவே.

அமெரிக்கா 1978-ஆம் ஆண்டு முதல் இதற்கான துணைக்கோள்களை ஏவியது. 24 துணைக்கோள்கள் கொண்ட முழு ஏற்பாடும் 1995-இல் நிறைவடைந்தது. பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் அவை சுற்றுகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரம் உண்டு. "நான் இன்ன இடத்தில் இருக்கின்றேன், இப்போது மணி இன்னது" என்று அவை ஓயாமல் வானொலி அலையில் சொல்லிக் கொண்டே இருக்கின்றன. படகிலுள்ள பெட்டி அதைக் கேட்டு, அலை வந்து சேர எவ்வளவு நேரமானது என்று கணக்கிட்டுத் தூரத்தைக் கண்டுபிடிக்கின்றது.

கோயிலிலிருந்து இத்தனை தூரம், பள்ளியிலிருந்து இத்தனை தூரம், ரப்பர் ஸ்டோரிலிருந்து இத்தனை தூரம் என்று சொன்னால், நீங்கள் தோட்டத்தில் எங்கே நிற்கின்றீர்கள் என்று கண்டுபிடித்துவிடலாம். அப்படியென்றால் மூன்று துணைக்கோள்கள் போதாதா? போதாது. பெட்டிக்குள் இருப்பது சாதாரணக் கடிகாரம். அலையோ விநாடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் 300 மீட்டர் தவறிவிடும். அந்தக் கடிகாரத்தைத் திருத்திக் கொள்ள நான்காவது துணைக்கோளும் வேண்டும்.

இன்னொன்றையும் மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள். அத்தனை உயரத்திலிருந்து வரும் அலை மிக மிக மெலிந்தது. தகரக் கூரையைத் தாண்டி வராது. வானம் திறந்து தெரிந்தால்தான் பெட்டிக்குக் காது கேட்கும்.

முதலில் மின்சாரம்

மரத்தில் பால் வரவில்லை என்றால் உடனே மரத்தை வெட்டிச் சாய்த்து விடுவோமா? மங்கு கவிழ்ந்திருக்கிறதா, பால் வடியும் தகடு விலகியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பட்டையைப் பார்ப்போம். இங்கேயும் எளியதை முதலில் பார்க்க வேண்டும். தம்பி, ஒரு நோட்டுப் புத்தகமும் மல்டிமீட்டரும் எடுத்துக் கொள். பெட்டியில் பதிந்து வைத்திருக்கும் இடங்களின் எண்களையெல்லாம் முதலில் நோட்டில் எழுதிவிடு. பழைய பெட்டி எப்போது மறந்து போகும் என்று சொல்ல முடியாது. அதன் பிறகு கை வை.

படகின் பேட்டரி 12 வோல்ட். முழுதாகச் சார்ஜ் ஏறி ஓய்ந்திருக்கும் ஈயப் பேட்டரி 12.6 அல்லது 12.7 வோல்ட் காட்டும். பேட்டரியில் மட்டும் அளந்து பார்த்துத் திருப்தியடையாதே. பெட்டியை ஓடவிட்டு, அதன் பின்னால் வயர் சேரும் இடத்திலும் அளக்க வேண்டும். இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசம் 3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது படகு மின்வேலையில் வழங்கும் கணக்கு. 12 வோல்ட்டுக்கு அது 0.36 வோல்ட்.

அதற்கு மேல் குறைந்தால் வழியில் எங்கோ மின்சாரம் தடைபடுகிறது. உப்புக் காற்றில் செம்புக் கம்பியில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். பியூஸ் செருகும் இடம், சுவிட்சுப் பலகையின் பின்புறம், எதிர்முனை வயர்கள் ஒன்று சேரும் இடம் ஆகிய மூன்றையும் பார். களிம்பை உப்புத்தாளால் தேய்த்து எடுக்கலாம். வயரின் உள்ளேயே கறுத்திருந்தால் தேய்த்துப் பயனில்லை. நல்ல கம்பி தெரியும் வரை வெட்டிவிட்டுப் புது முனை போட வேண்டும்.

என்ஜினை முடுக்கும் நேரத்தில் மட்டும் பெட்டி அணைந்து எரிகிறதா? அந்தச் சமயம் ஸ்டார்ட்டர் மோட்டார் மின்சாரத்தை இழுப்பதால் வோல்ட் இறங்குகிறது. குற்றம் பெட்டியில் இல்லை, பேட்டரியிலோ வயரிலோ இருக்கிறது.

அடுத்தது ஏரியல்

மின்சாரம் சரியாக இருந்தும் இடம் காட்டவில்லை என்றால், துணைக்கோள்களைக் காட்டும் பக்கத்தைத் திரையில் திற. பெரும்பாலான பெட்டிகளில் ஒவ்வொரு துணைக்கோளுக்கும் ஒரு கோடு எழும்பி நிற்கும். எல்லாக் கோடுகளும் படுத்துக் கிடந்தால் பெட்டிக்குக் காது கேட்கவில்லை. ஏரியலைச் சந்தேகப்படு. கோடுகள் நன்றாக எழும்பியும் இடமோ தேதியோ தப்பாக வந்தால், அடுத்த இரண்டு பகுதிகளுக்குப் போ.

பாய்மரப் படகில் ஏரியல் பெரும்பாலும் பின்புறக் கம்பியில் காளான் போல் நிற்கும். பத்து இருபது ஆண்டு வெயிலில் அதன் பிளாஸ்டிக் மூடி விரிசல் விட்டு, மழைநீர் இறங்கும். அங்கிருந்து உள்ளே வரும் கேபிளின் இரண்டு முனைகளையும் கழற்றிப் பார். நடுக்கம்பி கறுத்தோ பச்சை படிந்தோ இருந்தால் நோய் அங்கேதான். இந்த ஏரியல்கள் பலவற்றுக்குப் பெட்டியிலிருந்தே கேபிள் வழியாகச் சிறிது மின்சாரம் போகும். எத்தனை வோல்ட் என்பது கருவிக்குக் கருவி மாறும். கையேட்டைப் பார்த்த பிறகே அளந்து பார். வேறு ஏரியலை மாட்டிச் சோதிப்பதானால், அதே பெட்டிக்கு ஏற்றதாகவே இருக்க வேண்டும்.

"சில நாள் வேலை செய்கிறது, சில நாள் செய்வதில்லை" என்றாயே, அப்படிப்பட்ட கோளாறுக்கு ஒரு வழி உண்டு. ஒருவர் திரையைப் பார்த்துக் கொண்டிருக்க, இன்னொருவர் கேபிளை நெடுக மெல்ல அசைத்துக் கொண்டே போக வேண்டும். எந்த இடத்தில் அசைத்தால் கோடுகள் விழுகின்றனவோ, அங்கே முறிவு இருக்கிறது.

அப்படியும் அகப்படாவிட்டால், படகிலுள்ள மற்ற மின்பொருள்களை எல்லாம் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார். 2001-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் மாஸ் லாண்டிங் துறைமுகத்தில் ஜி.பி.எஸ். சரியாகக் கிடைக்காமல் போயிற்று. தேடிப் பார்த்ததில், அங்கே நின்ற சில படகுகளின் தொலைக்காட்சி ஏரியல்களே காரணம் என்று தெரிந்தது. அலையைப் பெருக்க அவற்றுக்குள் வைத்திருந்த பகுதி கெட்டுப்போய், தானே இரைச்சலை வெளியே அனுப்பிக் கொண்டிருந்தது. ஆகவே பக்கத்துப் படகையும் ஒரு கண் பார்.

ஞாபகமும் தேதியும்

பழைய பெட்டிகளுக்குள் ஞாபகத்தைக் காக்க ஒரு சிறிய லித்தியம் பேட்டரி இருக்கும். அது தீர்ந்துவிட்டால், அணைக்கும் போதெல்லாம் பெட்டி எல்லாவற்றையும் மறந்துவிடும். மறுபடி போட்டதும், எந்தத் துணைக்கோள் எங்கே இருக்கும் என்ற அட்டவணையைப் புதிதாக வாங்க வேண்டும். அது முழுதாக வந்து சேரப் பன்னிரண்டரை நிமிடம் பிடிக்கும். இது தெரியாமல் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு "செத்துவிட்டது" என்று சொல்பவர்கள் உண்டு. திறந்த வானத்தின் கீழ் அரை மணி நேரம் அசையாமல் வைத்துப் பார்த்துவிட்டுப் பேச வேண்டும். அந்தச் சின்னப் பேட்டரியைச் சில பெட்டிகளில் பற்ற வைத்திருப்பார்கள். கை பழகாதவன் திறந்தால் நீர் புகாத மூடியும் கெட்டுவிடும். அதைத் தெரிந்தவரிடம் கொடு.

இனி, தேதி. துணைக்கோள்கள் தேதியை நாள், மாதம், வருஷம் என்று சொல்வதில்லை. 1980 ஜனவரி 6-ஆம் நாளிலிருந்து வாரம் வாரமாக எண்ணுகின்றன. அந்த எண்ணிக்கைக்கு 1024 வாரம் வரைதான் இடம் ஒதுக்கப்பட்டது. காரின் கிலோமீட்டர் எண் கடைசிவரை ஓடி மறுபடி பூஜ்யத்துக்கு வருவது போல, இதுவும் பூஜ்யத்துக்குத் திரும்பும். முதன்முறை 1999 ஆகஸ்டிலும் இரண்டாம் முறை 2019 ஏப்ரலிலும் திரும்பியது. அடுத்தது 2038 நவம்பரில் வரும். இந்தத் திருப்பத்தை அறியாத பழைய பெட்டி, தேதியை ஏறக்குறைய 19 ஆண்டு 7 மாதம் பின்னுக்குக் காட்டும்.

உன் பெட்டியின் தேதி அந்த அளவுக்குப் பின்தங்கியிருந்தால், நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது. தயாரித்தவர் புது மென்பொருள் கொடுத்திருந்தாலொழிய அதற்கு மருந்து இல்லை. ஆனால் தேதி தப்பினால் இடமும் தப்ப வேண்டும் என்பதில்லை. பல பெட்டிகள் பழைய தேதியை வைத்துக் கொண்டே இடத்தைச் சரியாகக் காட்டுகின்றன. சில மட்டும் தடுமாறும். கீழே சொல்லும் சோதனையில் அது தெரிந்துவிடும்.

பெட்டி சரி, வைத்த முறை தப்பு

கடல் வரைபடமும் பெட்டியும் ஒரே அளவு முறையில் பேச வேண்டும். இன்றைய வரைபடங்கள் டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற முறையில் அமைந்தவை. நம் நாட்டின் பழைய வரைபடங்கள் கெர்த்தாவ் என்ற முறையில் அமைந்தவை. ஒன்றை மற்றொன்றாக எடுத்துக் கொண்டால் நூறு மீட்டருக்கு மேல் தவறும். வரைபடத்தின் ஓரத்தில் எந்த முறை என்று அச்சிட்டிருக்கும். பெட்டியையும் அதற்கேற்ப வை.

எண்ணைப் படிப்பதிலும் ஏமாறலாம். கிள்ளான் துறைமுகம் வட அட்சரேகை 3 டிகிரியை ஒட்டியிருக்கிறது. 3 டிகிரி 0 நிமிடம் 30 விநாடி என்பது நிமிடக் கணக்கில் 0.50 ஆகும். அதை 0.30 என்று எழுதிவிட்டால் 370 மீட்டர் பிசகும். ஒரு நிமிடம் என்பது ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர். அது தெரிந்திருந்தால் இந்தக் கணக்கை நம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளே போட்டுவிடுவார்கள்.

ஒரு கப்பலின் கதை

தம்பி ஏன் பயப்படுகிறான் என்று வீட்டார் தெரிந்து கொள்ள ஓர் உண்மைச் சம்பவத்தைச் சொல்கின்றேன்.

1995 ஜூன் 9-ஆம் நாள் ராயல் மெஜஸ்டி என்ற உல்லாசக் கப்பல் 1,509 பேருடன் பெர்முடாத் தீவிலிருந்து அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குப் புறப்பட்டது. புறப்பட்ட ஒரு மணி நேரத்துக்குள் ஜி.பி.எஸ். ஏரியலின் கேபிள் கழன்றுவிட்டது. பெட்டி அணையவில்லை. துணைக்கோளைக் கேட்க முடியாததால், கப்பல் போகும் வேகத்தையும் திசையையும் வைத்துத் தானே ஓர் ஊகக் கணக்குப் போட்டு, அதையே இடமென்று காட்டிக் கொண்டிருந்தது. ஊகம் என்பதற்கு அடையாளமாகத் திரையில் சின்ன எழுத்துகள் சில மட்டும் தோன்றின. காற்றும் நீரோட்டமும் கப்பலை ஓரமாகத் தள்ளிக் கொண்டே போனது அந்தக் கணக்கில் சேரவில்லை. தானாகத் திருப்பும் சுக்கான் பெட்டியை நம்பியது. மாலுமிகள் சுக்கானை நம்பினார்கள். வேறொரு கருவி சரியான இடத்தைக் காட்டிக் கொண்டிருந்தும் யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. மறுநாள் இரவு, வழியைவிட்டு 17 மைல் விலகி, நான்டக்கெட் தீவின் கிழக்கே மணல்திட்டில் கப்பல் தரை தட்டியது. உயிர்ச் சேதம் இல்லை. ஆனால் அத்தனை பெரிய கப்பலைத் திசை தவற வைத்தது ஒரு கேபிள் முனைதான்.

இதிலிருந்து தம்பி எடுத்துக் கொள்ள வேண்டியது இரண்டு. கேபிள் முனையை அற்பமாக நினைக்காதே. எண் தெரிகிறது என்பதற்காகப் பெட்டியை நம்பிவிடாதே. இடம் கிடைக்காத போது உன் பெட்டி திரையில் என்ன காட்டும் என்று கையேட்டில் படித்து, படகுக்காரருக்கும் காட்டிக் கொடு. துறையில் நிற்கும் போதே ஏரியலைக் கழற்றிக் காட்டினால் அவர் மறக்கமாட்டார்.

சோதனை

பழுது பார்த்தாகிவிட்டது என்றால் வேலை முடிந்துவிடவில்லை. படகைத் துறையில் கட்டி வைத்து மூன்று மணி நேரம் பெட்டியை ஓட விடு. கால் மணிக்கு ஒரு முறை எண்களை நோட்டில் எழுது. பழைய பெட்டியில் பத்துப் பதினைந்து மீட்டர் அசைவது இயல்பு. நூற்றுக் கணக்கில் தாவினால் ஆகாது. நடுவே என்ஜினை முடுக்கு. விளக்குகளைப் போடு. வானொலியில் பேசு. அதன் பிறகு கரையோரமாக ஒரு நாள் படகுக்காரருடன் போய், வரைபடத்தில் குறித்திருக்கும் மிதவைகளின் அருகில் எண்களை ஒப்பிட்டுப் பார்.

வானொலியை ஏன் சொல்கின்றேன் என்றால், இன்றைய படகு வானொலிகள் பலவற்றில் ஆபத்துக்கு அழுத்தும் சிவப்புப் பொத்தான் உண்டு. அழுத்தினால் படகு இருக்கும் இடத்தையும் சேர்த்து அனுப்பும். அந்த இடத்தை அதற்குச் சொல்வது ஜி.பி.எஸ்.தான். இரண்டையும் இணைக்கும் மெல்லிய வயர் அறுந்திருந்தால் உதவி கேட்கும் குரல் போகும், எங்கே என்ற விவரம் போகாது. வானொலித் திரையில் இடத்தின் எண்கள் தெரிகின்றனவா என்று கட்டாயம் பார்.

என்ன சொல்வது, எப்படிச் சொல்வது?

அம்மா, இனி உங்கள் மகனின் உண்மையான சங்கடத்துக்கு வருகின்றேன். தோட்டத்தில் வளர்ந்த நமக்கு ஒரு பழக்கம் ஊறிப் போயிருக்கிறது. பெரட்டில் நின்று "சரிங்க ஐயா" சொல்லியே நம் பாட்டன் காலம் போயிற்று. முதலாளி கேட்டால் "முடியாது" என்பது மரியாதைக் குறைவு என்று நினைக்கின்றோம். கடல் விஷயத்தில் அந்த "சரிங்க" ஆளையே விழுங்கிவிடும்.

தம்பி, முடியும் முடியாது என்று ஒரே சொல்லில் பதில் சொல்லாதே. நோட்டை எடுத்துக் கொண்டு போ. "ஐயா, இன்ன தேதியில் இதை இதைப் பார்த்தேன். வயரில் இவ்வளவு வோல்ட் குறைந்தது, மாற்றிவிட்டேன். ஏரியல் முனையைப் புதிதாகப் போட்டேன். தேதி தப்பாகத்தான் இருக்கும், அதைத் திருத்த முடியாது. மூன்று மணி நேரச் சோதனையில் இப்படி வந்தது" என்று எழுத்திலேயே கொடு. சோதனையில் ஒரு முறையாவது காரணம் தெரியாமல் இடம் தப்பியிருந்தால், "இதை மட்டும் நம்பிப் போக வேண்டாம் ஐயா" என்று தெளிவாகச் சொல். புதுப் பெட்டிகள் அமெரிக்கத் துணைக்கோள்களோடு ரஷ்ய, ஐரோப்பிய, சீனத் துணைக்கோள்களையும் கேட்கக் கூடியவை. பழையது தேறினால் இரண்டாம் துணையாகவே இருக்கட்டும்.

பெட்டி எத்தனை புதிதானாலும் காகித வரைபடம், திசைகாட்டி, மணிக்கொரு முறை இடத்தைக் குறிக்கும் நோட்டு மூன்றும் படகில் இருக்க வேண்டும் என்றும் சொல். கைத்தொலைபேசியில் கடல் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக் கொண்டால், கோபுரத் தொடர்பு இல்லாத இடத்திலும் அது இடம் காட்டும். இரவில் மலாக்கா நீரிணையில் பெரிய கப்பல்களும் மீன் வலைகளும் வழியில் நிற்கும். அவற்றை எந்தத் துணைக்கோளும் காட்டாது, கண்தான் காண வேண்டும்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு ஒரு படகுக்காரர் கோபித்துக் கொண்டால் அந்தக் கோபம் ஒரு நாளைக்கு. யோசித்துப் பார்ப்பவராக இருந்தால், அடுத்த பழுதுக்கும் உன்னையே கூப்பிடுவார். எப்படியானாலும் உன் பேரில் பிழை இல்லை. இன்று இரவு நன்றாகத் தூங்கு. நாளைக் காலை முதல் வேலையாக அந்த பியூஸ் செருகும் இடத்தைத் திறந்து பார்.